மண் மட்டுமா? அரித்தாவிலிருந்து ஒரு கடிதம்

அரித்தா, சாகா மாவட்டம், ஜப்பான்



ஜப்பானில் ஊருக்கு ஒரு மண்பாண்ட வகை உண்டு. அதற்குப் பெயரும் பெரும்பாலும் ஊரின் பெயர்தான். பிஸென், ஷிகராகி, தோகோநாமே, ஹாகி, மாஷிகோ என்று நாட்டின் வரைபடத்தையே இப்படி நிரப்பிவிடலாம். சுற்றுலா அலுவலகங்கள் ஏற்கெனவே நிரப்பி வைத்திருக்கின்றன. கூடவே ஒரு விளக்கமும் கிடைக்கிறது: மண் ஊருக்கு ஊர் வேறு, அதனால் பாத்திரமும் ஊருக்கு ஊர் வேறு. கேட்க இதமாக இருக்கிறது, ஆனால் பாதிதான் உண்மை என்பது என் கட்சி. எதைச் செய்ய முடியாது என்று மண் சொல்லும். எதைச் செய்ய வேண்டும் என்று சொன்னவர்கள் படையெடுத்தவர்கள், சிற்றரசர்கள், கப்பல் வணிகர்கள், பின்னாளில் அமைச்சகங்கள். எல்லாரும் கைவிட்ட காலத்தில், பிடிவாதம் பிடித்த சில குயவர்கள்.

மண்ணின் பக்கம் பேசுகிறவர்களுக்கு வலுவான சாட்சி பிஸென். அதிலிருந்து தொடங்குவதே நியாயம். ஒகயாமா மாவட்டத்தில் இம்பே என்கிற சிற்றூரைச் சுற்றி, நெல்வயல்களுக்கு அடியில் சில மீட்டர் ஆழத்தில் கிடைக்கும் களிமண் பசை மிகுந்தது, இரும்புச்சத்து நிறைந்தது. சுடும்போது வெகுவாகச் சுருங்கும். மேலே கண்ணாடி மெருகு பூசினால் சரியாக ஒட்டாது. சூட்டை வேகமாக ஏற்றினால் விரிசல் விடும். அதனால் மெருகே பூசாமல், செம்பைன் விறகை இரவு பகலாகப் போட்டு, பத்து நாளுக்கும் மேல் நிதானமாகச் சுடுகிறார்கள். நிறமும் கோலமும் சூளைக்குள்தான் உண்டாகின்றன. பறந்து வரும் விறகுச் சாம்பல் பாத்திரத்தின் தோளில் படிந்து உருகினால் எள் தூவியதுபோலப் புள்ளி விழும். அதை அவர்களும் எள் என்றே அழைக்கிறார்கள். ஒன்றோடொன்று ஒட்டாமலிருக்க இடையில் வைக்கோல் சுற்றினால், வைக்கோலில் உள்ள காரம் மண்ணின் இரும்போடு வினைபுரிந்து செந்நிறக் கோடுகளாகப் பதியும். மண்ணுக்கு இவ்வளவு கட்டுப்பட்ட தொழிலை வேறெங்கும் காட்டுவது கடினம், ஒப்புக்கொள்கிறேன்.

ஆனால் பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பகுதியில், மெய்ஜி காலத்திலும் இதே மண் இதே வயலுக்கு அடியில்தான் இருந்தது. மலிவான பீங்கான் சந்தையை நிறைத்த அந்த நாட்களில் இம்பேயின் சூளைகள் வடிகால் குழாயும் செங்கல்லும் சுட்டுப் பிழைத்தன. பதினாறாம் நூற்றாண்டின் இறுதியில் தேநீர்ச் சடங்குக்காகச் செய்யப்பட்ட பழைய பாத்திரங்களை முன்மாதிரியாகக் கொண்டு, மண்ணைப் பதப்படுத்துவது முதல் சூளையில் அடுக்குவது வரை சோதித்துப் பார்த்து, அந்த வேலைப்பாட்டை 1930களில் மீட்டெடுத்தவர் கனேஷிகே தோயோ என்ற குயவர். 1956இல் அரசு அவரை ‘வாழும் தேசியச் செல்வம்’ என்று அறிவித்தது. இன்று பிஸென் என்று நாம் வியப்பது அவர் தேர்ந்தெடுத்த காலத்தின் பாணி. இடைப்பட்ட நூற்றாண்டுகளில் இதே ஊர் நுணுக்கமாகச் செய்த தெய்வ உருவங்களையும் விலங்குப் பொம்மைகளையும் கடை முகப்பில் அதிகம் வைப்பதில்லை. மண் இரண்டுக்கும் இடம் கொடுத்தது. இது போதும், அது வேண்டாம் என்று முடிவு செய்தது மனிதர்கள்.

அரித்தாவின் கதையில் மனிதக் கை இன்னும் வெளிப்படை. 1592க்கும் 1598க்கும் இடையில் ஜப்பானின் ஆட்சியாளர் ஹிதெயோஷியின் படைகள் இரண்டு முறை கொரியாவுக்குள் புகுந்தன. திரும்பும்போது கியூஷூத் தீவின் சிற்றரசர்கள் கொரியக் குயவர்களைக் கூட்டங்கூட்டமாகக் கொண்டுவந்தார்கள், பலர் கைதிகள். அரித்தா நபெஷிமா குலத்தின் ஆட்சிப் பகுதி. இங்கே இஸுமியாமா குன்றில் பீங்கானுக்கு ஏற்ற கல்லைக் கண்டெடுத்தவர் யி சாம்-ப்யோங் என்ற கொரியர் என்பதும், அது 1616இல் நடந்தது என்பதும் ஊர் வழக்கு. ஆண்டைப் பற்றி ஆய்வாளர்கள் வாதிடலாம். ஜப்பானில் பீங்கான் தொழில் அந்தப் பத்தாண்டை ஒட்டி இந்த வட்டாரத்தில் வேரூன்றியது என்பதில் பெரிய சண்டை இல்லை. குன்று மட்டும் அங்கே ஆயிரக்கணக்கான ஆண்டுகளாக நின்றுகொண்டிருந்தது. அதை இடித்துப் பொடியாக்கி, கரைத்து, வடித்து, ஏறத்தாழ 1,300 டிகிரி சூட்டில் வேகவைக்கத் தெரிந்த கைகள் வரும்வரை அது வெறும் பாறை.

பிறகு நடந்ததும் மண்ணின் வேலை இல்லை. 1637இல், காடு அழிகிறது என்று காரணம் சொல்லி, நபெஷிமா ஆட்சி 826 ஜப்பானியக் குயவர்களைத் தொழிலிலிருந்து வெளியேற்றிவிட்டு, சூளைகளை அரித்தாவை ஒட்டி ஒருங்கே குவித்தது. அரித்தா பீங்கான் ஊரானது இந்த ஆணைக்குப் பிறகுதான். அடுத்து சீனாவில் மிங் ஆட்சி சரிந்து ஏற்றுமதி தடைபட, டச்சுக் கிழக்கிந்தியக் கம்பெனி சரக்குக்காக நாகசாகியில் கதவைத் தட்டியது. 1659இல் கொடுத்த ஆர்டர் மட்டும் 50,000 உருப்படிகளைத் தாண்டியது. சரக்கு இமாரித் துறைமுகத்தில் ஏறியதால் ஐரோப்பா முழுவதும் அது இமாரி என்றே அறியப்பட்டது. இன்னொன்றும் சொல்ல வேண்டும். இஸுமியாமாவின் கல் இப்போது பெரும்பாலும் பயன்பாட்டில் இல்லை. அரித்தாவின் பட்டறைகளுக்குக் கல் குமாமோதோ மாவட்டத்தின் அமகுஸாத் தீவுகளிலிருந்து வருகிறது. அதற்காக அரித்தா அரித்தாவாக இல்லாமல் போய்விடவில்லை. கியோத்தோவின் பெயர்பெற்ற பீங்கானுக்கும் மண் வெளியூரிலிருந்துதான் வருகிறது.

இந்த வட்டார அடையாளங்களை எவ்வளவு நம்பலாம் என்பதற்கு மினோ நல்ல பாடம். வெண்மையான தடித்த மெருகுடைய ஷினோக் கிண்ணங்கள் செத்தோவில் செய்யப்பட்டவை என்பதை யாரும் சந்தேகிக்கவே இல்லை. 1930இல் குயவர் அரகவா தோயோஸோ, கிஃபு மாவட்டத்து மினோ மலைகளில் ஒரு பழைய சூளையின் இடிபாட்டில் ஷினோ ஓடு ஒன்றைக் கண்டெடுத்தார். இந்தக் கிண்ணங்கள் மினோவில் வெந்தவை என்று அதன்பிறகுதான் தெளிந்தது. மண்ணின் கையெழுத்து அவ்வளவு தெளிவானது என்றால், அத்தனை தேநீர் ஆசான்களும் அத்தனை காலம் ஏமாந்திருப்பார்களா?

அப்படியானால் வட்டார மரபு என்பதே வணிகர் கட்டிய கதை என்று நீங்கள் கேட்கலாம். இல்லை, அந்தப் பக்கம் சாய்வதும் சோம்பேறித்தனம்தான். ஒயிதா மாவட்டத்து மலைக்கிராமம் ஒந்தாவைப் பாருங்கள். பதினெட்டாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் மலைக்கு அந்தப்பக்கம் உள்ள கொய்ஷிவாராவிலிருந்து தொழில் இங்கே வந்தது. ஓடைத்தண்ணீர் நிரம்பிச் சாயும் மர உலக்கைகள் வாரக்கணக்கில் மண்ணை இடிக்கின்றன, பத்துக் குடும்பம் அளவில் தொழில், தனியார் முத்திரை இல்லை, ஊர்ப்பெயர் மட்டும், வெளியாளைச் சேர்ப்பதில்லை. யனாகி சோயெத்ஸு தொடங்கிய நாட்டார் கைவினை இயக்கம் இந்த ஊரைப் பிரபலமாக்கியது. 1954இல் ஆங்கிலேயக் குயவர் பெர்னார்ட் லீச் வந்து தங்கி வேலை செய்த பிறகு வாங்குவோர் குவிந்தார்கள். தாய் ஊரான கொய்ஷிவாரா அதே அலையில் இயந்திரம் வாங்கியது, சூளைகள் ஐம்பதை ஒட்டிப் பெருகின. ஒந்தா உலக்கையை விடவில்லை. உலக்கை இடிக்கும் அளவுதான் மண், மண் உள்ள அளவுதான் வருமானம். பள்ளத்தாக்கு குறுகலானது, பெருக இடமில்லை என்பார்கள், அதுவும் உண்மை. ஆனால் மண் இடிக்கும் ஓர் இயந்திரத்துக்கு எவ்வளவு இடம் வேண்டும்? ஒரே மரபில் பிறந்த இரண்டு ஊர்களைப் பிரித்தது கூடிப் பேசி எடுத்த முடிவு. தன்மேல் தானே விதித்துக்கொண்ட அந்தக் கட்டுப்பாடு எனக்குச் செம்மண்ணைவிட உறுதியான மரபாகத் தெரிகிறது.

வெளியிலிருந்து வந்தவர்கள் மரபை நீர்த்துப்போகச் செய்கிறார்கள் என்பது இன்னொரு குறை. தோகோநாமேயின் செந்நிறத் தேநீர்க் கெண்டிக்குச் சீனத்து யீஷிங் கெண்டி முன்மாதிரி. 1878இல் ஜின் ஷிஹெங் என்ற சீனக் கலைஞரை வரவழைத்தே கற்றுக்கொண்டார்கள். மாஷிகோ 1853இல் தொடங்கி தோக்கியோ அடுப்படிகளுக்குத் தண்ணீர்த் தொட்டியும் கெண்டியும் செய்த ஊர். இங்கிலாந்தில் லீச்சோடு பட்டறை நடத்திவிட்டு வந்த ஹமதா ஷோஜி குடியேறிய பிறகுதான் உலகம் அதைத் திரும்பிப் பார்த்தது. இவற்றை நீர்த்துப்போன மரபு என்றால், நீர்க்காத மரபு எங்கே என்று காட்ட வேண்டும். சத்ஸுமாவில் நேர்மாறான கொடுமையும் நடந்தது. கொண்டுவரப்பட்ட கொரியர்கள் ஜப்பானியப் பெயர் வைக்கக்கூடாது, கொரிய உடையையும் மொழியையும் விடக்கூடாது என்று ஆட்சியே கட்டளையிட்டது. அங்கே அந்நியத்தன்மையைக்கூட உத்தரவு போட்டுத்தான் காப்பாற்றினார்கள்.

மரபைத் தாங்குவது மண்ணைவிட மனிதர்கள்தான் என்பது அரசுக்கும் தெரியும்போலும். மரபுக் கைவினைத் தொழில்களுக்காக 1974இல் வந்த சட்டம், நூறு ஆண்டுப் பழமை, கைவேலை, வழிவழியாகப் பயன்படுத்திய மூலப்பொருள் என்று கேட்பதோடு, ஒரு வட்டாரத்தில் குறைந்தது பத்து நிறுவனங்களோ முப்பது பேரோ தொழிலில் இருக்க வேண்டும் என்றும் எதிர்பார்க்கிறது. மூலப்பொருள் அந்த ஊரிலேயே தோண்டியதாக இருக்க வேண்டும் என்ற கட்டாயம் இல்லை. அதனால்தான் அமகுஸாக் கல்லோடு அரித்தா நிற்க முடிகிறது. வாரிசு இல்லாத பட்டறைகள் கூடிக்கொண்டே போனால், அந்த முப்பது பேர் என்ற வரம்பில்தான் பல சிற்றூர்கள் தடுக்கி விழும்.

நாளை இமாரி வழியாக ஒகாவச்சியாமா போவதாக எண்ணம். ஷோகனுக்கும் மற்ற பிரபுக்களுக்கும் பரிசளிக்க மட்டும், விற்பனைக்கு இல்லாமல், நபெஷிமா ஆட்சி தன் தேர்ந்த கைவினைஞர்களை வைத்து மெல்லிய பீங்கான் செய்வித்த ஊர் அது. 1675 வாக்கில் சூளையை அங்கே மாற்றினார்கள். மூன்று பக்கமும் செங்குத்தான மலை. ஒரே வழி, அதிலும் காவல் சாவடி. தொழில் ரகசியம் வெளியே போய்விடக்கூடாது என்று பார்த்துப் பார்த்துத் தேர்ந்தெடுத்த இடம்.

அன்புடன்,
உங்கள் நண்பன்