வாள் இருக்கும் இடம்

ஆன்லைன் விளையாட்டில் ஆறு மாதம் பாடுபட்டு நீங்கள் சேர்த்த வாள், உண்மையில் டேட்டாபேஸில் இருக்கும் ஒரே ஒரு வரி. வாளுக்கு ஓர் எண், உரிமையாளருக்கு ஓர் எண், இன்னும் சில இலக்கங்கள். திரையில் மின்னுவதெல்லாம் அந்த வரிக்குப் போட்ட அலங்காரம்தான்.

விளையாட்டு சர்வர்களுக்கு நிரல் எழுதுவது என் வேலை. "இதெல்லாம் ஒரு வேலையாடா?" என்று மாமா கேட்பார். வங்கியை வைத்துத்தான் அவருக்குப் பதில் சொல்வேன். உங்கள் கணக்கிலிருந்து எனக்கு 100 ரிங்கிட் வருகிறதென்றால் அங்கே கழிப்பதும் இங்கே கூட்டுவதும் சேர்ந்தே நடக்க வேண்டும்; இல்லையென்றால் இரண்டுமே நடக்கக்கூடாது. இதற்கு டிரான்ஸாக்‌ஷன் என்று பெயர். வாளைக் கொடுத்துத் தங்கம் வாங்குவதும் இதே கதைதான் மாமா.

ஆனால் வங்கி இரண்டு விநாடி எடுத்துக்கொள்ளலாம், விளையாட்டுக்கு அந்த வசதி இல்லை. ஆயிரக்கணக்கானோர் ஓடுவதையும் வெட்டுவதையும் விநாடிக்குப் பல தடவை டிஸ்க்கில் எழுதினால் டேட்டாபேஸ் திணறிவிடும். அதனால் பல விளையாட்டுகளில் சர்வர் எல்லாவற்றையும் மெமரியில் வைத்துக்கொண்டு, அவ்வப்போதுதான் டேட்டாபேஸில் எழுதும். வாள் கைமாறிவிட்டது, வாங்கியவரின் நிலை எழுதியாகிவிட்டது, கொடுத்தவரின் நிலையை எழுதுமுன் சர்வர் விழுந்தால்? மறுபடி எழும்போது இருவரிடமும் வாள் இருக்கும். இதைத்தான் ஆட்டக்காரர்கள் 'டூப்' என்கிறார்கள். சர்வரை வேண்டுமென்றே விழவைத்துப் பொருளைப் பெருக்கியவர்களும் உண்டு.

படிவம் இரண்டு படிக்கும்போது, கிள்ளானில் ஒரு சைபர் கஃபேயில் இதன் விளைவைப் பார்த்தேன். யாரோ டூப் செய்துவிட, நிர்வாகம் மொத்த சர்வரையும் முந்தைய நாள் நிலைக்குத் திருப்பிவிட்டது. பக்கத்து நாற்காலி அண்ணன் பகலெல்லாம் கிடங்கில் மூட்டை தூக்கிவிட்டு இரவில் வந்து விளையாடுகிறவர். பல வாரம் தேடிய கவசம் முதல்நாள் இரவுதான் அவருக்குக் கிடைத்திருந்தது. அது இப்போது இல்லை. "நான் ஒன்னும் திருடலையே தம்பி" என்றார். எனக்குப் பதில் தெரியவில்லை. அவர் கடைக்குக் கொடுத்த காசை யாரும் பின்னோக்கித் திருப்பவில்லை.

கூட்டத்தைச் சமாளிக்கப் பெரிய விளையாட்டுகளுக்கு இரண்டு வழிகள் இருந்தன. 2004இல் வந்த வேர்ல்ட் ஆஃப் வார்கிராஃப்ட் ஒரே உலகத்தைப் பல பிரதிகளாக்கி ஆட்டக்காரர்களைப் பிரித்துவைத்தது. சுமை குறைந்தது, ஆனால் நண்பன் வேறு பிரதியில் இருந்தால் அப்போது சேர்ந்து விளையாட முடியவில்லை. ஐஸ்லாந்தின் சிசிபி நிறுவனம் உருவாக்கி 2003இல் வெளிவந்த ஈவ் ஆன்லைன், சீனாவுக்கான சர்வர் நீங்கலாக, எல்லாரையும் ஒரே உலகத்தில் விட்டது.

ஜனவரி 2014இல், ஒரு கூட்டணி தன் பகுதிக்கான கட்டணத்தைக் கட்டத் தவறியதால், ஈவின் பி-ஆர்5ஆர்பி என்ற இடத்தில் போர் மூண்டது. சுமார் 21 மணி நேரத்தில் 7,500க்கும் மேற்பட்டோர் கலந்துகொண்டார்கள். 75 டைட்டன் கப்பல்கள் அழிந்தன. அந்த இடத்தைக் கணக்கிடும் சர்வர் திணறியபோது, விளையாட்டுக்குள் ஓடும் நேரத்தையே 10 சதவிகிதத்துக்குக் குறைத்தார்கள். நமக்குப் பத்து விநாடி என்றால் அங்கே ஒரு விநாடி. தைப்பூசத்தன்று பத்துமலைப் படியில் ஏறுகிற மாதிரிதான். கூட்டம் கூடக்கூட எல்லாரும் மெதுவாகிறோம், யாரையும் கீழே தள்ளிவிடுவதில்லை.

எனக்கு இந்த வழி பிடித்திருக்கிறது. வேகம் குறைவதை எல்லாரும் சமமாகப் பகிர்ந்துகொள்கிறார்கள். ரோல்பேக்கில் அப்படியில்லை, எவனோ செய்ததற்குக் கிடங்கு அண்ணன் கொடுக்கிறார்.

எதை உடனே எழுதுவது, எதைத் தள்ளிப்போடுவது என்று அலுவலகத்தில் அடிக்கடி வாக்குவாதம் வரும். ஓடிய தூரம் தொலையலாம், கைமாறிய பொருள் தொலையக்கூடாது என்பது என் கட்சி. பரிமாற்றம் என்றால் இரண்டு பக்கத்தையும் ஒரே டிரான்ஸாக்‌ஷனில் எழுதி முடித்த பிறகுதான் திரையில் காட்டணும். "அரை விநாடி லேட்டாகும்லா" என்பார்கள். ஆகட்டும். அரை விநாடியை ஆட்டக்காரர்கள் பொறுத்துக்கொள்வார்கள்.