அடங்கியதும் அடக்கியதும்

ஆங்கிலக் கதைகளை மொழிபெயர்க்கிறவர்கள் 'ஸப்ஸைட்' என்ற வினைச்சொல்லைக் கண்டதும் யோசனையின்றி 'தணிந்தது' என்று எழுதிவிடுகிறார்கள். கோபம் தணிந்தது, சரி. ஜுரம் தணிந்தது, போகட்டும். வெள்ளம் தணிந்தது, சிரிப்பு தணிந்தது என்று வரும்போது காது கூசுகிறது. தணிந்த குரல் என்கிறோமே என்று வாதாடலாம். ஆனாலும் அந்தச் சொல்லில் ஒரு சூடு ஒட்டிக்கொண்டிருக்கிறது. வெள்ளம் வடியும். வீக்கமும் வடியும். அலை ஓயும், சப்தம் அடங்கும். ஜுரம் இறங்கும் அல்லது விடும். மழையும் விடும், தெற்கே போனால் வெறிக்கும்.

இந்த வரிசையைக் காட்டித் தமிழின் வளத்தை மெச்சிக்கொள்வது என் நோக்கமல்ல. அதற்கு மேடைகள் இருக்கின்றன.

ஸப்ஸைட் லத்தீனிலிருந்து வந்தது: கீழே உட்கார்தல். 17-ஆம் நூற்றாண்டில் ஆங்கிலத்துக்குள் நுழைந்தபோது கலங்கிய நீரின் வண்டல் அடியில் படிவதைத்தான் முதலில் குறித்தது. வங்கியில் நான் தினமும் எழுதும் 'ஸப்ஸிடி'யும் இதே குடும்பம்தான். ரோமானியப் படையில் பின்வரிசையில் உட்கார்ந்து காத்திருக்கும் துணைப்படையைக் குறித்த சொல் அது. கடன் மனுவோடு கவுண்டருக்கு எதிரே பெஞ்சில் காத்திருப்பவர்களைப் பார்க்கும்போது அர்த்தம் அதிகம் மாறிவிடவில்லை என்று படுகிறது. தமிழில் இதற்கு மிக அருகில் வருவது 'அமர்'. மனிதரும் அமர்வார், விளக்கும் அமரும்.

ஆனால் 'விளக்கை அமர்த்து' என்றும் சொல்ல முடிகிறது. இங்கேதான் விஷயம் இருக்கிறது. தணிந்தது, தணித்தது, வடிந்தது, வடித்தது, அடங்கியது, அடக்கியது. தன்வினைக்குப் பக்கத்திலேயே பிறவினை நிற்கிறது. ஸப்ஸைட்டுக்கு அந்த ஜோடி கிடையாது. யாரும் எதையும் ஸப்ஸைட் செய்ய முடியாது; அது தானாகவே உட்கார்கிறது. 'அபேட்' என்ற இன்னொரு சொல் பிரெஞ்சில் அடித்து வீழ்த்துவதாக இருந்தது. புயல் அபேட் ஆகும்போது அந்த அடி மறந்துபோயிருக்கும், ஆனால் சட்டத்தில் ஒரு தொல்லையை அபேட் செய்ய இன்றும் ஆள் வேண்டும். ஸப்ஸைட்டுக்கு ஆளே வேண்டாம்.

எனவே அதிகாரிகளுக்கு அது சௌகரியமான சொல். 2023 ஜனவரியில் ஜோஷிமட்டில் வீடுகள் விரிசல் விட்டபோது ஆங்கிலச் செய்திகள் எல்லாவற்றிலும் அதன் பெயர்ச்சொல் வடிவம்தான் இருந்தது. 12 நாளில் 5.4 சென்டிமீட்டர் என்று செயற்கைக்கோள் படங்களிலிருந்து கணக்குச் சொன்னார்கள். பக்கத்தில் தோண்டப்பட்ட நீர்மின் சுரங்கமே காரணம் என்றார்கள் ஊர்க்காரர்கள், மறுப்பும் வந்தது. அந்த வழக்குக்குள் நான் போகவில்லை. நிலம் 'புதைகிறது' என்று தமிழில் எழுதினால் புதைத்தது யார் என்ற கேள்வி கூடவே வருகிறது, ஆங்கிலத்தில் வருவதில்லை என்பதை மட்டும் குறிக்கிறேன்.

மொழிபெயர்ப்பாளன் இந்த இடத்தில் தப்பிக்க முடியாது. 'கலவரம் ஸப்ஸைட் ஆயிற்று' என்ற வாக்கியத்துக்கு 'தணிந்தது' என்று எழுதுகிறவன் போலீஸ் அறிக்கை எழுதுகிறான். 'அடங்கியது' என்று எழுதினால் வாசகன் லத்தியைத் தேடுவான். மூலத்தில் இல்லாததைச் சேர்க்கலாமா என்று கேட்பார்கள். மூலத்தில் மறைத்து வைத்ததைத் தமிழும் மறைக்க வேண்டும் என்று எந்த விசுவாசம் சொல்கிறது?

எனக்குப் பன்னிரண்டு வயதில் எங்கள் ஊரில் நான்கு நாள் சாதிக் கலவரம். ஐந்தாம் நாள் ஆங்கிலப் பேப்பரில் பதற்றம் ஸப்ஸைட் ஆகிவிட்டதாகப் போட்டிருந்தது. அப்பா எனக்கு அதைத் தமிழில் சொன்னார்: "அடங்கிருச்சாம்." கொஞ்ச நேரம் கழித்து, "அடக்குனது யாரு, அடங்குனது யாருன்னு போடலையே" என்றார். அவர் இலக்கணம் படித்தவரல்ல.

லத்தீனில் அதே வினைக்கு இன்னொரு அர்த்தமும் உண்டென்று பின்னால் அகராதியில் பார்த்தேன்: பதுங்கிக் காத்திருத்தல். ஆங்கிலம் அதை எடுத்துக்கொள்ளவில்லை. எங்கள் ஊர் டீக்கடை பெஞ்சில் அந்த வருஷம் முழுக்க, ஒரு தெருக்காரர் வந்து உட்கார்ந்தால் மற்றத் தெருக்காரர் கிளாஸைக் கையில் எடுத்துக்கொண்டு எழுந்து நின்றே குடித்தார்கள்.