அத்தை பார்த்த கார்

நேயர்களே, உங்கள் வீட்டில் யாராவது பழைய கார் வாங்கும் பேச்சை எடுத்திருக்கிறார்களா? எடுத்திருந்தால், அன்று சாயங்காலத்துக்குள் அக்கம்பக்கத்தில் உள்ள அத்தனை பேரும் நிபுணர்களாகிவிடும் அதிசயத்தையும் பார்த்திருப்பீர்கள். அதுவும் மின்சாரக் கார் என்று சொல்லிவிட்டால் கேட்கவே வேண்டாம். எதிர்வீட்டு மாமா, "மழையில் தொட்டால் ஷாக் அடிக்குமே!" என்றார். மாடி வீட்டுப் பிள்ளையாண்டான், "பாட்டரி போனால் காரையே தூக்கி எறிய வேண்டியதுதான், அக்கா" என்று சொல்லிவிட்டுப் படியிறங்கிப் போனான்.

எங்கள் வீட்டில் இந்தப் பேச்சு எழுந்ததற்கு என் மாமியாரின் முழங்கால்தான் காரணம். ஆபரேஷனுக்குப் பிறகு வாரம் மூன்று நாள் மேற்கு மாம்பலத்திலிருந்து அடையாறு வரை பிஸியோதெரபிக்குப் போக வேண்டும். ஆட்டோவில் ஏற வேண்டுமானால் காலை நன்றாக மடக்க வேண்டும். அப்படி மடக்க முடிந்தால் பிஸியோதெரபி எதற்கு?

அத்தை முப்பத்தொரு வருஷம் பள்ளிக்கூடத்தில் கணக்குச் சொல்லிக்கொடுத்தவர். ஓய்வு பெற்றபோது வந்த பணத்தில் ஆறு லட்சம் ரூபாய் பாங்கியில் இருந்தது. ஒரு நாள் அந்த ரசீதை என் கையில் கொடுத்து, "ஒரு சின்ன மின்சாரக் காராகப் பார். ஓட்டப் போவது நீதான். ஒன்று மட்டும் ஞாபகம் வைத்துக்கொள். இது போனால் மறுபடி சம்பாதிக்கிற வயசு எனக்கு இல்லை" என்றார். அன்று இரவு எனக்குத் தூக்கம் வரவில்லை என்பதை உங்களிடம் ஒப்புக்கொள்வதில் வெட்கம் என்ன?

அத்தைக்கு மின்சாரக் கார் புதிதல்ல. பெங்களூரில் இருக்கும் அவருடைய தம்பி ஒரு காலத்தில் ரேவா வைத்திருந்தார். 2001-ல் பெங்களூரில் பிறந்து, பிற்பாடு லண்டன் தெருக்களில்கூட ஜி-விஸ் என்ற பெயரில் ஓடிய குட்டிக் கார் அது. முன் ஸீட்டுக்கு அடியில் ஈய பாட்டரிகள். அவற்றுக்குக் குழந்தைக்குப் பால் புகட்டுவதுபோல் அவ்வப்போது காய்ச்சி வடித்த தண்ணீர் ஊற்ற வேண்டும். "இதற்கும் ஊற்ற வேண்டுமோ?" என்று அத்தை கேட்டார். வேண்டாம், இப்போதெல்லாம் லிதியம் பாட்டரி, மூடிய பெட்டிக்குள் காரின் அடித்தளத்திலேயே படுத்துக்கொண்டிருக்கிறது என்று சொன்னேன். "அப்போது நல்லதா கெட்டதா என்று எப்படித் தெரியும்?" என்றார்.

அதற்கு எனக்குப் பதில் தெரியவில்லை. கிண்டியில் மின்சார வண்டிகளைப் பழுது பார்க்கும் ஒரு மெக்கானிக்கிடம் போய்க் கேட்டேன். அவர் சொன்னதை நம் சமையலறைப் பாஷையில் சொல்கிறேன். பத்துப் படி தண்ணீர் பிடிக்கும் குடம் ஒன்று. வருஷா வருஷம் அதன் அடியில் கொஞ்சம் மணல் படிகிறது. குடத்தை நிரப்பினால் விளிம்பு வரை தண்ணீர் நிற்கும். பார்ப்பவர்கள் நிறைகுடம் என்றுதான் சொல்வார்கள். ஆனால் உள்ளே இருப்பது எட்டுப் படியோ ஏழுதானோ! காரின் முகப்பில் 'நூறு சதவிகிதம்' என்று ஒளிர்வதும் அப்படித்தான். மிச்சம் இருக்கிற இடம் நிறைந்துவிட்டது என்றுதான் அதற்கு அர்த்தம்.

கம்பெனிகள் சொல்லும் தூரத்தையும் இந்த இடத்தில் சொல்லிவிடுகிறேன். டாட்டா டியாகோ மின்சாரக் கார் 2022-ல் வந்தபோது, 19.2 யூனிட் பிடிக்கும் சிறிய பாட்டரிக்கு 250 கிலோமீட்டர், 24 யூனிட் பாட்டரிக்கு 315 என்றார்கள். 2023-ல் வந்த எம்.ஜி. காமெட்டுக்கு 17.3 யூனிட், 230 கிலோமீட்டர். (யூனிட் என்றால் நம் வீட்டு மீட்டரில் ஓடும் அதே யூனிட்தான்.) இவையெல்லாம் பரிசோதனையில் எடுத்த கணக்கு. சென்னை வெயிலில், குளிர்சாதனத்தோடு, சிக்னலுக்குச் சிக்னல் நின்று போகும்போது அதில் மூன்றில் இரண்டு பங்கு கிடைத்தால் சந்தோஷப்படுங்கள்.

நாங்கள் மூன்று கார்கள் பார்த்தோம். அவற்றின் பெயர்களை நான் சொல்லப் போவதில்லை. குறை காரின் குலத்தில் இல்லை, வாழ்க்கைப்பட்ட இடத்தில்தான் இருந்தது.

முதல் கார் வேளச்சேரியில். வேளச்சேரி என்றதுமே மெக்கானிக், "2023 டிசம்பர் மழையில் எங்கே நின்றது என்று கேளுங்கள்" என்று எச்சரித்திருந்தார். மிக்ஜாம் புயல் மழையை நாம் மறந்துவிட முடியுமா? கேட்டதற்குத் தரகர், "மேட்டில் நின்றதுங்க" என்றார். நான் அவர் சொல்லிக்கொடுத்தபடி ஸீட் பெல்ட்டைக் கடைசி வரை இழுத்தேன். வழக்கமாக வெளியே வராத அந்தக் கடைசிப் பகுதியில் டீ நிறத்தில் ஒரு கோடு. "குழந்தை காபி கொட்டியிருக்கும்" என்றார் தரகர். அத்தை கைத்தடியை ஊன்றிக்கொண்டு மறுபக்கம் போய் அந்தப் பெல்ட்டையும் இழுத்தார். "குழந்தை சமத்துதான். இரண்டு பக்கமும் ஒரே அளவாகக் கொட்டியிருக்கிறதே!" என்றார். கால்மிதியைத் தூக்கினால் ஸீட்டைப் பிடித்திருக்கும் ஆணிகளெல்லாம் துருப்பிடித்திருந்தன. பாட்டரிப் பெட்டி நீர் புகாதபடி மூடப்பட்டதுதான். தேங்கிய தண்ணீரைக் கடந்து போவது வேறு, அதிலேயே இரண்டு நாள் நிற்பது வேறு. வந்த ஆட்டோவிலேயே திரும்பினோம். அத்தை ஏறுவதற்குப் பத்து நிமிஷம் ஆயிற்று.

இரண்டாவது, வடபழனியில் ஒரு பழைய கார் வியாபாரியிடம். அடாடா! செக்கச்செவேல் என்று மணப்பெண் மாதிரி நின்றது. நான்கு வருஷத்தில் 9,400 கிலோமீட்டர்தான் ஓட்டம். விலை 5,90,000. முதல் பார்வையிலேயே என் கணவர் விழுந்துவிட்டார். "இவ்வளவு குறைச்சலாக ஓடிய கார் எங்கே கிடைக்கும்?" என்று முன்பணம் 25,000 அனுப்பச் செல்போனைக்கூட எடுத்துவிட்டார். நானும் தடுக்கவில்லை. உண்மையைச் சொல்கிறேன், அந்தச் சிவப்பு எனக்கும் பிடித்துவிட்டது.

"கொஞ்சம் ஓட்டிப் பார்க்கலாமே" என்றார் அத்தை. முகப்பில் நூறு. வியாபாரியின் பையன் பக்கத்தில் உட்கார, குளிர்சாதனத்தைப் போட்டுக்கொண்டு பல்லாவரம் வரை போய்த் திரும்பினேன். 28 கிலோமீட்டர். முகப்பில் எழுபத்தைந்து. பின் ஸீட்டிலிருந்து அத்தையின் குரல்: "கால்வாசி போயிற்று. இருபத்தெட்டு நாலு, நூற்றுப் பன்னிரண்டு." கம்பெனி சொன்னதில் பாதிகூட இல்லை. "ஏஸியை அணைத்துவிட்டு ஓட்டுங்க, ஏறும்" என்றான் பையன். சித்திரை மாதத்தில் யார் அணைப்பார்கள்?

ஒரே ஓட்டத்தை வைத்துத் தீர்ப்புச் சொல்லக் கூடாதுதான். ஆகவே, கம்பெனியின் சர்வீஸ் நிலையத்தில் பாட்டரியைச் சோதித்து அதன் ஆரோக்கியம் எவ்வளவு என்று எழுதி வாங்கலாம், செலவு எங்களுடையது என்றேன். வியாபாரி சிரித்து மழுப்பினார். சர்வீஸ் புத்தகத்தைக் கேட்டால் அதுவும் இல்லை. பெரும்பாலான கம்பெனிகள் பாட்டரிக்கு எட்டு வருஷ உத்தரவாதம் தருகின்றன. புத்தகம் இல்லாமல் அந்த உத்தரவாதத்தை நாளைக்கு எந்த முகத்தோடு கேட்பது? பேச்சுவாக்கில் பையன் சங்கதியை உடைத்துவிட்டான். சொந்தக்காரர் வெளிநாட்டில் இருந்தாராம். முழுக்க சார்ஜ் ஏற்றிய கார் மொட்டை வெயிலில் மாதக்கணக்கில் நின்றதாம். இந்த பாட்டரிகளுக்கு ஆகாதது அதுதான். முழு வயிற்றோடு வெயிலில் சும்மா கிடந்தால், ஓடாமலே கிழடு தட்டிவிடும். பெட்ரோல் காருக்குப் பழகிய நம் கண் குறைந்த கிலோமீட்டரைப் பார்த்து மயங்குகிறது. செல்போன் திரும்பச் சட்டைப் பைக்குள் போயிற்று.

மூன்றாவது கார் அண்ணாநகரில். சொந்தக்காரர் ஓய்வு பெற்ற பாங்கி அதிகாரி. கண்ணில் நீரழுத்தம் வந்து, டாக்டர் ஓட்டக் கூடாதென்று சொல்லிவிட்டாராம். கார் 41,000 கிலோமீட்டர் ஓடியிருந்தது. பம்பரில் இரண்டு கீறல், சாம்பல் நிறம், பறவை எச்சம். என் கணவர் முகத்தைச் சுளித்தார். விலை 5,40,000. பெரியவர் கார்ச் சாவியோடு ஒரு நாற்பது பக்க நோட்டையும் கொண்டுவந்தார். தேதி, கிலோமீட்டர், எத்தனை சதவிகிதத்தில் சார்ஜ் போட்டது, மீட்டரில் எத்தனை யூனிட் ஓடிற்று, எல்லாம் வரிசையாக! அத்தை மூக்குக் கண்ணாடியை மாட்டிக்கொண்டு ஸோபாவில் உட்கார்ந்தவர் அரை மணி நேரம் வாயைத் திறக்கவில்லை.

"ஆரம்பத்தில் 170 கிலோமீட்டர் போயிருக்கிறது. இப்போது 150-தான், ஸார்" என்றார் கடைசியில்.

"ஆமாம், அம்மா. நானே சொல்லியிருப்பேன்" என்றார் அவர்.

திருவான்மியூர் வரை போய்த் திரும்பினோம். 36 கிலோமீட்டரில் இருபத்து நாலு சதவிகிதம் இறங்கியது. கணக்குப் போட்டால் அதே 150! எஞ்சின் சத்தம் இல்லாததால், மின்சாரக் காரில் மற்ற நோய்களெல்லாம் காதிலேயே விழுந்துவிடும். முன் இடது சக்கரத்தில் மேடு ஏறும்போது 'டொக்' என்றது. கார் கனமானதால் டயர் சீக்கிரம் தேயும். இரண்டு டயர் மாற்ற வேண்டியிருந்தது. மறுநாள் மெக்கானிக் வந்து வண்டியைத் தூக்கி, வேகத்தடைகளில் பாட்டரிப் பெட்டி இடிபட்டிருக்கிறதா என்று அடியில் பார்த்தார். சார்ஜ் போடும் கேபிளின் முனைகள் கருகியிருக்கின்றனவா என்றும் பார்க்கச் சொன்னார். மெல்லிய எக்ஸ்டென்ஷன் வயரில் போட்டவர்கள் வீட்டில் கருகியிருக்குமாம். ஆரஞ்சு உறை போட்ட வயர்களை மட்டும் நீங்கள் தொடாதீர்கள். அதில் ஓடுவது உயிரை வாங்கும் மின்சாரம்.

சர்வீஸ் நிலையத்தின் சான்று எண்பத்தொன்பது என்று வந்தது.

அப்போதும் என் கணவருக்கு மனசு ஆறவில்லை. "150 கிலோமீட்டர் போதுமா? காஞ்சீபுரம் போய்வருவதற்கே சரியாகிவிடும்" என்றார். அத்தை விரல் விட்டார். "அடையாறு போய்வர பதினைந்து. அம்பத்தூரில் தங்கை வீடு போய்வர முப்பது. காஞ்சீபுரத்துக்கு வருஷத்தில் ஒரு தரம் போவேன். அதற்கு ரயில் இருக்கிறது. இன்னும் ஐந்து வருஷத்தில் இது நூறு கிலோமீட்டராகக் குறைந்தாலும் என் முழங்காலுக்கு அது ஜாஸ்தி."

டயரையும் 'டொக்'கையும் சொல்லி அத்தை இருபதாயிரம் குறைத்தார். பத்திரங்களை நான் பார்த்துக்கொண்டேன். பாங்கிக் கடன் தீர்ந்ததற்கான கடிதமும், கடனை ரத்து செய்யும் 35-ம் நம்பர் பாரமும் இருந்தன. பெயர் மாற்றத்துக்கு 29, 30-ம் நம்பர் பாரங்களில் கையெழுத்தானது. பச்சைப் பலகையில் எழுத்து வெள்ளையா என்றும் பார்த்தேன். மஞ்சளாக இருந்தால் வாடகைக்கு ஓடிய வண்டி. இன்னொன்றையும் தவறாமல் கேளுங்கள்: பாட்டரி காரோடு சேர்ந்ததா? 2024 முதல் சில கார்களைப் பாட்டரி வாடகைத் திட்டத்தில் விற்கிறார்கள். இதை நான் சொன்னபோது அத்தை, "வீட்டை விற்றுவிட்டு அடுப்புக்கு வாடகை கேட்பார்களா?" என்றார்.

எங்கள் அடுக்ககத்தில் கார் நிற்கும் இடத்துக்கு எங்கள் மீட்டரிலிருந்து தனி வயர் இழுத்து, 16 ஆம்பியர் பிளக் வைக்கச் சங்கச் செயலாளரிடம் அனுமதி வாங்க மூன்று வாரம் ஆயிற்று. காரை வாங்கிய பிறகு அலைந்தேன். நீங்கள் முதலிலேயே வாங்கிவிடுங்கள்.

சாவியைக் கொடுக்கும்போது பெரியவர் நோட்டையும் நீட்டினார். "இன்னும் பதினொரு பக்கம் பாக்கி இருக்கிறது, அம்மா" என்றார் அத்தையிடம். திங்கட்கிழமை அடையாறு போய்த் திரும்பியதும், கைத்தடியைச் சுவரில் சாய்த்துவிட்டு அத்தை முதல் வேலையாகப் பேனாவைத் தேடினார். பெரியவரின் கோணல் எழுத்துக்குக் கீழே, கரும்பலகை எழுத்தில், 'கி.மீ. 15. சதவிகிதம் 10' என்று எழுதிக் கோடு போட்டார்.