ஓசையை ஒளியாக்கியவள்

நம்மிடம் பயிலும் முதுகலை மாணவர் ஒருவர் கருத்தரங்கக் கட்டுரைக்கெனத் தேர்ந்துகொண்ட பொருள் நம்மைச் சற்றுத் தடுமாற வைத்தது. காப்பிய மகளிரையும் காமிக்ஸ் மகளிரையும் ஒப்பிடப்போவதாகச் சொன்னார். மணிமேகலைக்கு அருகே அவர் நிறுத்தியவளின் பெயர் டாஸ்லர். 1980இல் அமெரிக்காவின் மார்வெல் நிறுவனம் வெளியிட்ட எக்ஸ்-மென் இதழில் அறிமுகமானவள், தொழிலால் பாடகி. தன்னைச் சூழும் ஓசையை உடலில் வாங்கி, அதனை ஒளியாக மாற்றி வெளியிடுவதே அவளுடைய ஆற்றல். தமிழ் வகுப்பில் இதற்கென்ன இடம் என்று கேட்க வாயெடுத்த நாம் கேளாமல் விட்டோம். அக்காளின் நினைவு வந்துவிட்டது.

பேரையூர்ப் பக்கத்துக் கரிசல் கிராமம் நம்முடையது. எட்டாம் வகுப்போடு அக்காளின் படிப்பை நிறுத்தினார்கள். நம் படிப்பை நிறுத்துவது பற்றி எவரும் பேசவில்லை. வீட்டுத் திண்ணையில் அமர்ந்து தீப்பெட்டி ஒட்டுவது அவள் வேலையாயிற்று. சிவகாசி அச்சகம் ஒன்றில் வேலைபார்த்த மாமா, ஊருக்கு வரும்போதெல்லாம் மஞ்சள் பையில் பழைய காமிக்ஸ் புத்தகங்கள் கொண்டுவருவார். தீப்பெட்டிக்கும் காமிக்ஸுக்கும் ஊர் ஒன்றுதான். அவளுக்கு வேலை வந்த ஊரிலிருந்தே நமக்குக் கதை வந்தது.

1972இல் முத்து காமிக்ஸ் தொடங்கியபோது அதன் முதல் இதழாக வந்தது 'இரும்புக்கை மாயாவி'. 1962இல் இங்கிலாந்தின் வேலியண்ட் வார இதழில் பிறந்த லூயி கிராண்டேல்தான் அந்த மாயாவி. உடலில் மின்சாரம் பாய்ந்தால் உருவம் மறைந்துவிடும். இரும்புக்கை மட்டும் கண்ணுக்குத் தெரியும். நம் வீட்டுக்கு மாமா கொண்டுவந்தவற்றுள் அக்காளுக்கு மிகவும் பிடித்தது அது. இரு கைகளிலும் பசையிருக்கும். புத்தகத்தைத் தொட முடியாது. ஆகவே நாம் வாசிக்க அவள் கேட்பாள். "தம்பி, படத்துல என்ன நடக்குதுன்னும் சொல்லுப்பா" என்பாள். நமக்கோ பக்கத்தைப் புரட்டும் அவசரம். கட்டங்களில் எழுதியிருப்பதை மட்டும் வாசித்துவிட்டுப் படங்களை நாமே வைத்துக்கொண்டோம். சில நாள்களில் இரண்டு பக்கங்களைச் சேர்த்தே புரட்டியதும் உண்டு. கதை எங்கோ அறுபட்டிருப்பது அவளுக்குத் தெரியும். ஒன்றும் சொல்லமாட்டாள்.

ஒருநாள் கேட்டாள்: "பொம்பளைல யாரும் மாயாவி கிடையாதா?" கிடையாது என்று உடனே சொல்லிவிட்டோம். 1984இல் லயன் காமிக்ஸ் தன் முதல் இதழிலேயே மாடஸ்டியை நாயகியாக்கியிருந்ததை அப்போது நாம் அறியோம். அறிந்திருந்தாலும் அவள் கேள்விக்கு அது விடையாகியிராது. பீட்டர் ஓடானல் படைத்த மாடஸ்டி பிளைசிக்குத் துணிவும் மதியூகமும் உண்டு. மாய ஆற்றல் இல்லை.

பின்னர் மதுரைக்கு வந்து விடுதியில் தங்கித் தமிழ் படித்தோம். மணிமேகலா தெய்வம் மணிமேகலைக்கு அருளிய மந்திரங்கள் மூன்று: வேற்றுரு எய்துவது, வான்வழி செல்வது, பசியைத் தாங்குவது. அக்காளின் கேள்விக்கு மதுரைக் கூலவாணிகன் சாத்தனார் முன்பே விடை எழுதி வைத்திருக்கிறார். தேர்வுத்தாளில் அதனை எழுதி மதிப்பெண் பெற்றோம். ஊருக்குப் போய் அவளிடம் சொல்லவேண்டும் என்று தோன்றவில்லை. நாம் கிளம்பிய பிறகு அந்தத் திண்ணையில் அவளுக்கு வாசித்துக்காட்ட ஆளில்லை. உருவம் மறைவதற்கு மாயாவிக்கு மின்சாரம் வேண்டியிருந்தது. அக்காள் நம் கண்ணிலிருந்து மறைய அதுகூட வேண்டியிருக்கவில்லை.

மாணவரின் கட்டுரை நன்றாகவே அமைந்தது. டாஸ்லருக்கு 1981 முதல் 1986 வரை தனி இதழே வந்ததையும், 1982இல் அறிமுகமான மோனிகா ராம்போ தன் உடலையே ஒளியாக மாற்றிக்கொள்ளக்கூடியவள் என்பதையும் அவரால் அறிந்தோம். மோனிகா பின்னாளில் அவெஞ்சர்ஸ் குழுவுக்குத் தலைமை தாங்கியவள். கறுப்பினப் பெண் ஒருத்திக்கு அக்கதைகள் அளித்த அந்த இடம் சிறியதன்று. ஆயினும் நம் மனம் டாஸ்லரிடமே நின்றது. மோனிகா தானே ஒளி ஆகிறாள். டாஸ்லருக்கோ பிறரிடமிருந்து ஓசை வரவேண்டும்.

அடுத்த ஞாயிறன்று திருமங்கலத்தில் அக்காள் வீட்டுக்குப் போனோம். முற்றத்தில் மல்லிகை கட்டிக்கொண்டிருந்தாள். கைப்பேசியில் டாஸ்லரின் படங்களைக் காட்டி, ஓசையை ஒளியாக்குபவள் என்று விளக்கினோம். அக்காள் படத்தை ஒருமுறை பார்த்துவிட்டு மறுபடி பூவைத் தொடுத்தாள்.

"அப்ப, பக்கத்துல யாரும் பேசாட்டி அவளுக்கு வெளிச்சமே கிடையாதா தம்பி?"

அவள் நம்மைக் குத்திக்காட்டவில்லை, கதையைத்தான் கேட்டாள். இருந்தும் நமக்கு உடனே பேச்சு வரவில்லை. சிறிது நேரம் கழித்து, முதல் பக்கத்திலிருந்து தொடங்கி, ஒவ்வொரு படத்திலும் என்ன நடக்கிறது என்று விடாமல் சொல்லலானோம்.