தலையணைக்கடியில போன் வேண்டாமே!

1/ தீக்காய வார்டுல வேலை பார்த்ததிலிருந்து, தலையணைக்கடியில போன் சார்ஜ் ஏறுறதைப் பார்த்தாலே எனக்குப் பதறும். ஏன்னு சொல்றேன்.

2/ சார்ஜ் ஏறும்போது லித்தியம் அயனிகள் கிராஃபைட் பக்கம் போகும். போனைப் பயன்படுத்தும்போது திரும்பி வரும். அவை நீந்துற திரவம் சுலபமா தீப்பிடிக்கும்.

3/ தலையணை சூட்டை வெளியே விடாது. சூடு ரொம்ப ஏறி உள்ளே இருக்கிற மெல்லிய தடுப்பு உருகினா, ரெண்டு மின்முனையும் தொட்டுக்கும். அப்புறம் சூடு தன்னாலயே ஏறும்.

4/ 20-80 சதவீதத்துக்குள்ள வச்சுக்கிட்டா பேட்டரி ஆயுசு கூடும். வெயில்ல நிக்கிற கார்ல போனை விடாதீங்க.

5/ பேட்டரி உப்பிடுச்சா? அமுக்காதீங்க, குத்தாதீங்க, சார்ஜ் போடாதீங்க. சர்வீஸ் சென்டர்ல கொடுங்க.

6/ எங்க வீட்டுல சார்ஜர் ஹால் மேஜையிலதான். அம்மாவுக்குக் கோபம்தான், பரவாயில்ல. பக்கத்துல குழந்தை தூங்குதுன்னா, இன்னைக்கே மாத்திடுங்க.