நரைக்காடும் பேரருவியும்

ஆனி பிறந்து மேற்கே மலைமுகட்டில் மேகம் இறங்கிவிட்டால் தென்காசியில் எவரும் நாட்காட்டியைப் பார்ப்பதில்லை. காசி விசுவநாதர் கோவில் கோபுர வாசலில் முகத்தில் அறையும் காற்றே குற்றாலத்தில் தண்ணீர் விழுகிறதென்று சொல்லிவிடும். அப்படியொரு சாரல் நாளில்தான் நாங்கள் மூவரும் எங்கள் போதகரைக் குற்றாலத்திற்கு அழைத்துச் சென்றோம். இழுத்துச் சென்றோம் என்பதே சரி.

அவருக்கு ஐம்பத்திரண்டு வயது. ஆறு ஊர்ச் சபைகளைத் தனியாளாகக் கவனித்து வந்தார். ஞாயிறன்று மூன்று ஆராதனைகள், இடையில் ஒரு ஞானஸ்நானம், மாலையில் ஒரு துக்க வீடு. வெள்ளிதோறும் உபவாச ஜெபம். அசனப் பண்டிகைக்கு அரிசி மூட்டை இறக்குவது முதல் பங்காளிகளின் வரப்புத் தகராறு வரை அவரே போய் நிற்க வேண்டும். முந்தைய ஞாயிறு, எத்தனையோ ஆயிரம் முறை சொன்ன கர்த்தருடைய ஜெபத்தின் நடுவே அடுத்த வரி தோன்றாமல் நின்றுவிட்டார். சபையார் சேர்ந்து அதை முடித்தார்கள். "ஒன்றுமில்லை தம்பி, தூக்கம்தான்" என்றார் வெளியே வந்து. இரத்த அழுத்தத்தைப் பார்த்த மருத்துவர் அப்படிச் சொல்லவில்லை.

அந்த வாரம் அவருடைய கைப்பேசிக்கு அதிகமாக வந்த அழைப்புகள் எவருடையவை என்று பிறகு பார்த்தோம். எங்கள் மூவருடையவை. வெட்கமாயிருந்தது.

பேரருவியில் அன்று நீர்வரத்து மிகுதி. காவலர்கள் விசில் ஊதி, குளித்தவர்களை வெளியேற்றிக்கொண்டிருந்தார்கள். அருவிக்கே ஓய்வு கொடுக்கிறார்கள் பாருங்கள் ஐயா என்றார் எங்களில் ஒருவர். ஐயா சிரிக்கவில்லை. ரசிகமணி டி.கே.சி. கம்பனையும் விருந்தினரையும் ஒருசேர உபசரித்த ஊர் இது. இங்கே வந்து சும்மா உட்கார்ந்திருப்பதை இலக்கியக்காரர்கள் எவரும் குற்றமென்று எண்ணியதில்லை. எங்கள் சபைகளில்தான் அது குற்றம்.

"டோனாவூர் அம்மா ஐம்பத்தைந்து வருடம் ஊருக்கே திரும்பவில்லை. நான் ஒரு வாரம் படுத்துக் கிடப்பதா?" என்று கேட்டார்.

நாங்களும் அந்தக் கதையில் வளர்ந்தவர்களே. அயர்லாந்தில் 1867இல் பிறந்த ஏமி கார்மைக்கேல் 1895இல் இந்தியா வந்தார். 1951 ஜனவரி 18 அன்று டோனாவூரில் மறையும்வரை ஒருமுறைகூடத் தாய்நாட்டிற்குப் போகவில்லை. பிரசங்க பீடங்களில் இது ஓயாமல் சொல்லப்படும். சொல்லாமல் விடப்படும் பாதி ஒன்றுண்டு. குற்றாலம் இருக்கும் இதே மலைத்தொடரில், தெற்கே களக்காட்டுக்கு மேலே நரைக்காடு என்றொரு காட்டை 1917இல் அவர் வாங்கினார். அங்கே வீடு கட்டி, கோடையில் பிள்ளைகளையும் ஊழியர்களையும் அழைத்துக்கொண்டு போய்த் தங்கினார். ஊருக்குத் திரும்பாமை வேறு, ஓய்வெடுக்காமை வேறு. நாம் இரண்டையும் ஒன்றாகக் கட்டி, தளர்ந்துபோன போதகர்களின் தலையில் ஏற்றிவிட்டோம்.

1931 அக்டோபர் 24 அன்று களக்காட்டில், இருட்டும் வேளையில் ஒரு குழியில் விழுந்து அவருக்குக் கால் முறிந்தது. அதன்பின் ஏறக்குறைய இருபது ஆண்டுகள் பெரும்பாலும் தம் அறையிலேயே கழித்தார். விழுந்தது ஒரு விபத்து. உழைத்துக் களைத்ததன் பலனென்று அதைத் திரிக்க எங்களுக்கு விருப்பமில்லை. ஆனால் பிள்ளைகளின் இல்லமும் மருத்துவமனையும் மூடப்படவில்லை. பிறர் சுமந்தார்கள். அவர் அறையிலிருந்தபடி நூல் நூலாக எழுதினார்.

ஐயா இதையெல்லாம் கேட்டுவிட்டு வேதத்துக்குப் போனார். மாற்கு ஆறாம் அதிகாரத்தில் இயேசு சீஷர்களை ஓய்வுக்கென்று வனாந்தரத்திற்கு அழைத்துப் போகிறார். ஜனங்கள் அங்கேயும் முந்திப் போய் நிற்கிறார்கள். அவர் மனதுருகிப் போதிக்கிறாரே, அதற்கு என்ன சொல்கிறீர்கள் என்றார். நியாயமான கேள்விதான். "அதே அதிகாரத்தில் ஜனங்களை அனுப்பிவிட்டு மலைக்குத் தனியாகவும் போனாரே ஐயா" என்றார் எங்களில் இளையவர். சூரைச்செடியின் கீழ் சாவை வேண்டிப் படுத்த எலியாவுக்குத் தூதன் முதலில் கொடுத்தது கண்டனம் அன்று, அடையும் தண்ணீரும் என்பதையும் சேர்த்துக்கொண்டோம். ஐயா வெகுநேரம் அருவியையே பார்த்துக்கொண்டிருந்தார். "நான் இல்லாவிட்டால் நடக்காது என்று நினைக்க எனக்குப் பிடித்திருக்கிறது தம்பி" என்றார் பிறகு.

ஆறு வாரம் விடுப்பு எடுத்தார். சம்பளம் வாங்குகிறவருக்கு ஓய்வெதற்கு என்று கமிட்டியில் முணுமுணுப்பு எழுந்தது. இன்றும் முழுதும் அடங்கவில்லை. வெள்ளி ஜெபங்களை நாங்கள் முறைவைத்து நடத்தினோம். ஒரு வாரம் நாலு பேர்தான் வந்தார்கள், அதையும் நடத்தினோம். வரப்புத் தகராறு மட்டும் தீரவில்லை.

இப்போது திங்கட்கிழமைகளில் அவருடைய கைப்பேசி அணைந்திருக்கும். சென்ற திங்களன்று ஐந்தருவிச் சாலையில் மகளோடு நின்று ரம்புட்டான் பழத்திற்கு விலை பேசிக்கொண்டிருந்தார். எங்களிடம் அவரிடம் கேட்க வேண்டிய காரியங்கள் இரண்டு இருந்தன. வண்டியை நிறுத்தாமல் போய்விட்டோம்.