காற்றில் வரும் எண்

பேராக்கில் ரப்பர் மரங்கள் நின்ற தோட்டங்கள் பல இன்று செம்பனையாய் மாறிவிட்டன. அன்று பாலை நிறுத்துக் கிராணி ஏட்டில் பொறித்ததே கூலி. இன்று குலை லாரியின் எடையைக் கம்பியில்லா சீரியல் அடாப்டர் அலுவலகக் கணினிக்கு அனுப்பக்கூடும்.

அனுப்பும் முனை 9600, பெறும் முனை 19200 என வேகம் மாறுபட்டால் திரையில் பொருளற்ற குறிகளே தோன்றும். அது பெருங்கேடன்று, எவர் கண்ணுக்கும் பிழை தெரியும். மெய்போல் வரும் பொய்யெண்ணே அஞ்சத்தக்கது. கணினி 5-ஐ 0110101 என்றும், 6-ஐ 0110110 என்றும் எழுதும். இரண்டிலும் ஒன்றுகள் நான்கே. ஆகவே, ஒன்றுகள் ஒற்றையா இரட்டையா என எண்ணும் பாரிட்டிக் காவலை மட்டும் நம்பிய இணைப்பு ஏமாந்துவிடும். 6 டன் 5 டன்னாகும். குலை கொணர்ந்த சிறுதோட்டக்காரருக்கன்றோ நட்டம்!

ஆதலின் வேகத்தை ஒப்பிட்டபின், அடாப்டரை நீக்கிக் கம்பியால் இணைத்துப் பார்த்தல் வேண்டும். எண் பிசகாது வந்தால் குறை காற்றுவழியில் உள்ளது. நிறுக்கும் மேடையில் அச்சான சீட்டை ஓட்டுநர் அதுவரை கிழித்தெறியலாகாது.